அழுக்கை அளந்து சேர்த்தவர்கள்

அமெரிக்க ராக் குழு தி ஸ்ட்ரோக்ஸ் 2001-ல் போட்ட ‘இஸ் திஸ் இட்’ ஆல்பத்தை முதல் தடவை கேட்பவருக்கு அது அள்ளித் தெளித்த அவசரக் கோலமாகத்தான் படும். பாடகரின் குரல் பழைய டெலிபோன் வழியாக வருவதுபோல் இருக்கிறது. டிரம்ஸ் சின்னப் பெட்டிக்குள் அடைபட்டுக் கிடக்கிறது. கிடார்கள் இரண்டும் மெலிந்து, ஆளுக்கொரு ஓரத்தில் ஒட்டிக்கொண்டு நிற்கின்றன. 11 பாட்டு, 36 நிமிடம், அவ்வளவுதான். தலைப்பில் கேள்விக்குறிகூடப் போடவில்லை.

இந்த ஆல்பத்தைப் பற்றி ஊரெல்லாம் சொல்லும் கதையும் இதற்கு ஒத்தாசையாக இருக்கிறது. நியூயார்க்கில் ஐந்து இளைஞர்கள் ஒரு நிலவறைக்குள் இறங்கினார்கள், மைக்கைப் போட்டு வாசித்தார்கள், மேலே ஏறி வந்தபோது ராக் இசை மாறியிருந்தது என்பது அந்தக் கதை. நிலவறை உண்மை. இசை மாறியதும் உண்மை. நடுவில் உள்ள ‘சும்மா வாசித்தார்கள்’ மட்டும் பொய். இந்த ஆல்பத்தில் கேட்கும் கரடுமுரடு எதுவும் தற்செயலாக வந்து ஒட்டியதல்ல. எந்தக் கருவியில், எந்த இடத்தில், எவ்வளவு என்று முன்கூட்டியே முடிவுசெய்து சேர்த்த அழுக்கு அது. அதை அப்படித் தாங்கிப் பிடிக்க அடியில் மிகச் சுத்தமான ஓர் இசையமைப்பு இருந்தது. இதைக் கவனிக்காமல் அழுக்கை மட்டும் நகலெடுத்த குழுக்கள் அடுத்த ஐந்து வருடத்தில் வரிசையாகத் தோற்றன.

தி ஸ்ட்ரோக்ஸ் என்ற பெயரில் அவர்கள் முதலில் மேடையேறியது 1999 செப்டம்பர் 14. ஜூலியன் காசாபிளாங்கஸ் பாடகர். நிக் வலென்சியும் ஆல்பர்ட் ஹாம்மண்ட் ஜூனியரும் கிடார். நிகோலாய் ஃப்ரேட்டூர் பேஸ் கிடார். ஃபாப்ரிசியோ மொரெட்டி டிரம்ஸ். ஆல்பத்தில் உள்ள எல்லாப் பாட்டுக்கும் எழுதியவர் என்று காசாபிளாங்கஸ் பெயர் மட்டுமே போட்டிருக்கிறது. மெட்டும் வரிகளும் மட்டுமல்ல, கிடார் லைன்களில் பெரும்பகுதியும் அவர் கொண்டுவந்ததுதான். குழு ஒரு வருடத்துக்கு மேல் இரவிரவாக ஒத்திகை பார்த்தது. காசாபிளாங்கஸின் அப்பா உலகப் புகழ்பெற்ற மாடலிங் நிறுவனம் நடத்தியவர், ஹாம்மண்டின் அப்பா பெயர்பெற்ற பாடலாசிரியர். ‘பணக்கார வீட்டுப் பிள்ளைகள்’ என்ற குற்றச்சாட்டு அதனால் அவர்கள் பின்னாலேயே வந்தது. அந்தச் சலுகை உண்மைதான், மறைக்க வேண்டியதில்லை. ஆனால் ஐந்து பேர் ஒரே மூச்சில் வாசிக்கும் அந்த இறுக்கத்தை எந்த அப்பாவும் வாங்கித் தர முடியாது. அது ஒத்திகை அறையில் மட்டும் கிடைக்கிற சரக்கு.

2000-ம் ஆண்டில் மன்ஹாட்டன் கிளப் ஒன்றில் அவர்களைக் கேட்டார் கார்டன் ரஃபேல். சியாட்டில் நகரத்துக்காரர், தானும் குழுக்களில் வாசித்தவர். ஈஸ்ட் வில்லேஜ் பகுதியில் ஒரு கட்டடத்தின் நிலவறையில் டிரான்ஸ்போர்ட்டராம் என்ற சிறிய ஸ்டுடியோவை நடத்திக்கொண்டிருந்தார். மூன்றே நாளில் மூன்று பாட்டை அங்கே பதிவுசெய்தார்கள். டெமோவாக, அதாவது நிறுவனங்களுக்குக் காட்டும் மாதிரிப் பதிவாகச் செய்தது அது. மெர்க்குரி லவுஞ்ச் என்ற அரங்கில் நிகழ்ச்சி ஏற்பாடு பார்த்துவந்த ரயன் ஜென்டில்ஸ் குழுவின் மேலாளராகி, அந்த டெமோவை லண்டனில் ரஃப் டிரேட் நிறுவனத்தின் ஜெஃப் டிராவிஸ் காதுக்குக் கொண்டுபோனார். டிராவிஸ் தயங்கவில்லை. டெமோ அப்படியே ‘தி மாடர்ன் ஏஜ்’ என்ற இ.பி.யாக (சில பாட்டு மட்டும் கொண்ட குறுந்தொகுப்பாக) 2001 ஜனவரியில் பிரிட்டனில் வெளியானது. அதன்பின் அமெரிக்க நிறுவனங்கள் போட்டிபோட்டு வந்தன, ஆர்.சி.ஏ. வென்றது.

இங்கே ‘இண்டி’ என்ற சொல்லைச் சரிபார்க்க வேண்டும், பெரிய நிறுவனங்களைச் சாராமல் செய்த இசை என்று அதற்குப் பொருள். ஆர்.சி.ஏ. பெரிய நிறுவனம். அப்படியானால் இது இண்டி ஆல்பமா? விற்ற கடையை வைத்துப் பார்த்தால் பாதிதான்: பிரிட்டனில் ரஃப் டிரேட் பெயரில் வந்தது, அமெரிக்காவில் ஆர்.சி.ஏ. பெயரில். செய்த முறையை வைத்துப் பார்த்தால் முழுக்க இண்டி. பெரிய நிறுவனத்தின் பணம் கைக்கு வந்த பிறகும் அவர்கள் பெரிய ஸ்டுடியோவுக்குப் போகவில்லை. இல்லை, ஒரு தடவை போனார்கள். போய்ப் பார்த்துவிட்டுத் திரும்பினார்கள். அந்தத் திரும்பல்தான் இந்த ஆல்பத்தின் கதையில் முக்கியமான திருப்பம்.

ஆல்பத்துக்கான முதல் பதிவை அவர்கள் செய்தது கில் நார்ட்டனுடன். பிக்சீஸ் குழுவின் ‘டூலிட்டில்’ ஆல்பத்தைத் தயாரித்தவர், கைதேர்ந்தவர். சில பாட்டுகளைப் பதிவுசெய்து கேட்டுப் பார்த்தார்கள். குறை சொல்ல ஒன்றுமில்லாத சுத்தம். அந்தச் சுத்தமே குறையாகப் பட்டது. எல்லாவற்றையும் ஓரமாக வைத்துவிட்டு ரஃபேலின் நிலவறைக்கே வந்தார்கள். 2001 மார்ச், ஏப்ரலில் சுமார் ஆறு வாரம் வேலை. கடந்த காலத்தில் இருந்து ஒரு குழு எதிர்காலத்துக்குப் பயணம்போய் ஆல்பம் போட்டால் எப்படி இருக்கும், அப்படி வேண்டும் என்று காசாபிளாங்கஸ் கேட்டாராம். கேட்க விளையாட்டுப் பேச்சாக இருக்கலாம். ஒலிப்பதிவுக்காரருக்கு இது தெளிவான வேலைக் குறிப்பு. பழைய ஒலி வேண்டும், ஆனால் பழையதை அப்படியே மறுபடி செய்யக் கூடாது. பதிவும் டேப்பில் நடக்கவில்லை, கம்ப்யூட்டரில் நடந்தது. ‘அந்தக் கால டேப்பின் வெதுவெதுப்பு’ என்று இந்த ஆல்பத்தைப் புகழ்பவர்கள் இதை நினைவில் வைத்துக்கொள்ளலாம்.

குரலில் இருந்து தொடங்கலாம், அதைத்தான் எல்லோரும் முதலில் கவனிக்கிறார்கள். காசாபிளாங்கஸ் பாடியது பீவி நிறுவனத்தின் ஒரு சின்ன ஆம்ப் (கிடார் ஒலிபெருக்கி) வழியாக. வீட்டில் கிடார் பழகுபவர்கள் வைத்திருக்கும் ரகம். இப்படிப்பட்ட ஆம்ப்பின் ஸ்பீக்கர் சிறியது. அடியில் 100 ஹெர்ட்ஸுக்குக் கீழே அதிகம் ஒன்றும் வராது. மேலே 5 கிலோஹெர்ட்ஸைத் தாண்டினால் ஒலி சரிந்துவிடும். மிச்சம் இருப்பது நடு அலைவரிசை. பேச்சின் மெய்யெழுத்துகளை நம் காது பிடித்துக்கொள்வது பெரும்பாலும் 1 முதல் 4 கிலோஹெர்ட்ஸ் வரையுள்ள பகுதியில்தான். ஆகவே சின்ன ஆம்ப் குரலைக் கெடுக்கிறது என்பதைவிட, குரலைக் குறுக்கி அதன் மையத்தில் நிறுத்துகிறது என்பதே சரி. மேலே சிம்பல் என்ற உலோகத் தட்டுக்கும் கிடார் கம்பியின் மினுக்கத்துக்கும் இடம் காலியாகிறது. கீழே பேஸுக்கும் காலால் அடிக்கும் கிக் டிரம்முக்கும் இடம் காலியாகிறது. அதனால்தான் மிக்ஸில், அதாவது எல்லாவற்றையும் கலந்த ஒலியில், குரல் அப்படியொன்றும் சத்தமாக இல்லாவிட்டாலும் எங்கும் தொலைந்துபோவதில்லை.

இன்னொன்றும் இருக்கிறது, இது நுட்பமானது. ஆம்ப்பில் டிஸ்டார்ஷன் (ஒலி உடைந்து கரகரப்பாவது) எவ்வளவு வரும் என்பதை உள்ளே போகும் சத்தம் தீர்மானிக்கிறது. முணுமுணுத்தால் கிட்டத்தட்டச் சுத்தம். கத்தினால் கிழிசல். அதுவும் பாடும்போதே கிழிசல் காதில் விழுந்தால் பாடகர் அதோடு சேர்ந்து வாசிக்கத் தொடங்கிவிடுவார். எங்கே ஒதுங்க வேண்டும், எங்கே சாய்ந்து உடைக்க வேண்டும் என்று தொண்டையே கற்றுக்கொள்ளும். ‘டேக் இட் ஆர் லீவ் இட்’ பாட்டில் சோம்பலாகத் தொடங்கும் குரல் பல்லவியில் கிழியும் இடத்தைக் கேட்டால் புரியும். அங்கே எந்தக் குமிழையும் யாரும் திருகவில்லை, மனிதர் சத்தம் போட்டார், அவ்வளவுதான்.

நகலெடுப்பவர்கள் தவறுவது சரியாக இந்த இடத்தில். குரலைச் சுத்தமாகப் பதிவுசெய்து, கம்ப்ரெஸ்ஸர் போட்டுச் சமப்படுத்தி, கடைசியில் டிஸ்டார்ஷன் பிளக்-இன் (கம்ப்யூட்டர் மென்பொருள்) ஒன்றை மாட்டுகிறார்கள். கம்ப்ரெஸ்ஸர் முதலிலேயே ஏற்ற இறக்கத்தைத் தட்டையாக்கிவிட்டதால், முணுமுணுப்புக்கும் அலறலுக்கும் ஒரே அளவு அழுக்கு. மூன்று நிமிடம் கேட்டால் காது சலித்துவிடும். செய்ய வேண்டியது தலைகீழ் வரிசை: முதலில் அழுக்கு, பிறகு லேசாகக் கம்ப்ரெஷன்.

பாடும்போது ஆம்ப் வைக்க வழியில்லை, பிறகுதான் செய்ய முடியும் என்றால், பதிவான குரலை உண்மையான ஆம்ப்புக்கு அனுப்பலாம். அப்போது இரண்டு சங்கடங்கள் வரும். கம்ப்யூட்டரோடு கருவிகளை இணைக்கும் ஆடியோ இன்டர்ஃபேஸில் இருந்து வெளியேறும் லைன் சிக்னல், கிடார் ஆம்ப் எதிர்பார்ப்பதைவிடப் பல மடங்கு பலமானது. நேரே செருகினால் அழகான கிழிசல் வராது, சதுரமாக நசுங்கிய இரைச்சலும் கூடவே கரண்ட் உறுமலும் வரும். நடுவில் ரீஆம்ப் பாக்ஸ் ஒன்று வேண்டும், அது சிக்னலைக் குறைத்து, மின்தடையைப் பொருத்தி, கிரவுண்டையும் பிரித்துவிடும். இரண்டாவது, ஆம்ப் வழியாகத் திரும்பி வரும் குரல் சில மில்லிசெகண்ட் தாமதமாக வரும். அதைச் சுத்தமான குரலோடு கலந்தால் சில அலைவரிசைகள் ஒன்றையொன்று அடித்துக்கொண்டு குரல் குழாய்க்குள் பாடுவதுபோல் ஆகிவிடும். அலைவடிவத்தைப் பெரிதாக்கிப் பார்த்து, இரண்டையும் நேருக்கு நேர் நகர்த்திவைத்த பிறகே கலக்க வேண்டும்.

டிரம்ஸுக்கு வருவோம். பெரிய ஸ்டுடியோவில் ஒரு டிரம் செட்டுக்கு 10, 12 மைக் வைப்பது சாதாரணம். இங்கே ரஃபேல் பயன்படுத்தியது மூன்று. மைக் குறைவாக இருப்பதால் ஒலி தானாகவே ‘பழசாகி’விடும் என்று நினைப்பவர்கள் உண்டு. உண்மையில் மைக் குறையக் குறைய வாசிப்பவர்மேல் சுமை ஏறுகிறது. 12 மைக் இருந்தால் ஸ்னேர் (நடுவில் இருக்கும், கூர்மையாக ஒலிக்கும் டிரம்) பலவீனமாக விழுந்த இடத்தை மிக்ஸில் தூக்கிவிடலாம். மூன்று மைக்கில் சிம்பலும் ஸ்னேரும் டாம் என்ற மற்ற டிரம்களும் ஒரே மைக்குக்குள் சேர்ந்துவிடுகின்றன. பிரிக்க வழியில்லை. சிம்பலை ஓங்கி அடித்து ஸ்னேரை மெல்லத் தட்டும் பழக்கம் உள்ள டிரம்மருக்கு இந்த முறை சரிவரவே வராது. மொரெட்டி சிம்பலைச் சிக்கனமாகத் தொடுகிறார். ஹை-ஹாட்டை (காலால் மூடித் திறக்கும் ஜோடித் தட்டை) பெரும்பாலும் மூடியே வைத்திருக்கிறார், அலங்கார ரோல்கள் அபூர்வம். அந்தக் கட்டுப்பாடுதான் மூன்று மைக்கைப் போதுமானதாக்கியது.

வீட்டில் முயல்பவர்களுக்குத் தொடங்க ஒரு வழி. கிக் டிரம்முக்குள் அல்லது அதன் முன்னால் ஒன்று. ஸ்னேருக்கு நேர்மேலே சுமார் 1 மீட்டர் உயரத்தில் ஒன்று. மூன்றாவதை ஃப்ளோர் டாம் பக்கமாக, ஸ்னேரின் நடுவில் இருந்து அதே 1 மீட்டர் தூரம் வரும்படி. கண்ணளவில் வைக்காமல் ஒரு நூலால் அளந்து பார்ப்பது நல்லது. ஒலி 1 மீட்டரைக் கடக்க ஏறக்குறைய 3 மில்லிசெகண்ட் எடுக்கிறது. இரண்டு மைக்கும் ஒரே தூரத்தில் இல்லையென்றால் ஸ்னேர் இரண்டு தடவையாக வந்துசேர்ந்து, அடியின் கனம் கரைந்துபோகும். பிறகு கிக் மைக்கின் போலாரிட்டியை (அலை ஏறி இறங்கும் திசையை) ஒருமுறை புரட்டிக் கேட்க வேண்டும். இரண்டு நிலைகளில் எதில் அடி கனமாக விழுகிறதோ அதுவே சரி. தாழ்ந்த கூரை உள்ள அறையில் மேல் மைக் கூரையை நெருங்கிவிடும், அங்கிருந்து திரும்பும் எதிரொலி 300 முதல் 500 ஹெர்ட்ஸ் பக்கம் அட்டைப்பெட்டிச் சத்தத்தைக் கிளப்பும். தடித்த கம்பளியைக் கூரையில் கட்டினால் பாதி குறையும். மீதிப் பாதியை ஏற்றுக்கொள்ளலாம், இந்த ஆல்பத்தின் டிரம்ஸிலும் அந்த அடைப்பு இருக்கத்தான் செய்கிறது.

‘ஹார்ட் டு எக்ஸ்ப்ளெயின்’, ‘சோமா’ இரண்டிலும் டிரம்ஸ் வேறு மாதிரி. கேட்டால் டிரம் மெஷின் என்றே சத்தியம் செய்வார்கள். வாசித்தது மொரெட்டிதான். மனிதன் வாசித்ததை எடுத்து, மெஷின்போலக் கேட்கும்படி பதப்படுத்தியிருக்கிறார்கள். அறையின் எதிரொலியை அறவே ஒழித்து, ஒவ்வொரு அடியின் வாலையும் வெட்டி, அலைவரிசையைக் குறுக்கி, பலமான கம்ப்ரெஷன் கொடுத்தால் இந்த இடத்துக்கு வந்துசேரலாம். ஆனால் அடிக்கும் பலம் முதலில் இருந்து கடைசிவரை ஒரே சீராக இருந்தால்தான் ஏமாற்று பலிக்கும். ‘ஹார்ட் டு எக்ஸ்ப்ளெயின்’ நடுவில் கத்தரியால் வெட்டியதுபோல் சட்டென்று நின்று, ஒரு கண மௌனத்துக்குப் பிறகு மறுபடி கிளம்பும். இந்தப் பாட்டைத்தான் ஆல்பத்துக்கு முன்னோடியாக முதல் சிங்கிளாக வெளியிட்டார்கள். கடந்த காலத்துக்குழு எதிர்காலத்தில் இறங்கியது என்ற அந்தக் குறிப்பு முழுதாக நிறைவேறியது இந்த ஒரு பாட்டில்தான் என்பது என் தீர்ப்பு. ‘லாஸ்ட் நைட்’தான் பெரிய ஹிட், சரி. ஆல்பத்தின் மூளை இங்கே இருக்கிறது.

கிடார்களைப் புரிந்துகொள்ள ஹெட்ஃபோன் வேண்டும். ஒரு காதைக் கழற்றிவிட்டு முழு ஆல்பத்தையும் கேளுங்கள், பிறகு மறுகாதில் கேளுங்கள். பெரும்பாலான பாட்டுகளில் இரண்டு கிடாரும் எதிரெதிர் ஓரங்களில் இருப்பதால் ஒவ்வொருவர் வேலையும் தனித்தனியாகக் கிடைக்கும். எழுதிவைத்த சட்டம் போல ஒன்று தெரியவரும்: இருவரும் ஒரே இடத்தில் ஒரே காரியத்தைச் செய்வது அரிது. ஒருவர் கீழ்நோக்கிய அடியாகவே கார்டை (ஒன்றாக ஒலிக்கும் பல ஸ்வரங்களை) எண்ணிக்கை தவறாமல் தட்டிக்கொண்டிருக்கும்போது மற்றவர் மேலே ஒற்றைக் கம்பியில் மெட்டுப் போடுகிறார். பேஸ் இருவருக்கும் அடியில் சும்மா மூலஸ்வரத்தைப் பிடித்துக்கொண்டு நிற்காமல் தனக்கென்று ஒரு மெட்டில் நடக்கிறது. தலைப்புப் பாட்டில் பேஸ் லைனை மட்டும் முணுமுணுத்துப் பார்க்கலாம், தனிப் பாட்டாகவே நிற்கும். ஆக, எந்தக் கணத்திலும் குரலோடு சேர்த்து மூன்று மெட்டுகள் ஓடுகின்றன. ஒன்றும் ஒன்றின் காலை மிதிப்பதில்லை. ஒவ்வொரு கருவியின் ஒலியும் மெலிதாக இருப்பதற்குக் காரணமும் இதுதான். தடித்தால் மற்றதற்கு இடமில்லை.

கருவி விவரம் தெரிந்தவர்களுக்கு: ஹாம்மண்ட் கையில் வெள்ளை ஃபெண்டர் ஸ்ட்ராட்டோகாஸ்டர். வலென்சி கையில் உள்ளே பாதி கூடான எபிஃபோன் ரிவியேரா. ஆம்ப் இருவருக்கும் ஃபெண்டர் ஹாட் ராட் டிவில். 60 வாட் வால்வு ஆம்ப் அது, தானாக உடையும் அளவுக்குத் திறந்துவிட்டால் சிறிய அறையில் நிற்க முடியாது. அதனால் கிழிசலைக் காலால் மிதிக்கும் பெடலில் வரவழைக்கிறார்கள். விஷுவல் சவுண்ட் நிறுவனத்தின் ஜெக்கில் அண்ட் ஹைட் பெடல் அவர்களோடு சேர்த்தே பேசப்படுவது.

அந்தப் பெடலைத் தேடி வாங்கியவர்கள் நிறையப் பேர். வாங்கிக் கிழிசலின் அளவைக் கூட்டும் கெயின் குமிழை முக்கால்வாசி திருப்புவார்கள், ஸ்ட்ரோக்ஸ் ஒலி வராது. காரணம் இயற்பியல். டிஸ்டார்ஷனுக்குள் இரண்டு ஸ்வரம் ஒன்றாகப் போனால் அவற்றின் கூட்டலும் கழித்தலுமாகப் புதிய அதிர்வெண்கள் முளைக்கும். ஸட்ஜமும் பஞ்சமமும் மட்டும் என்றால் முளைப்பவையும் அவற்றோடு இசைந்துபோகும், அதனால்தான் ஹெவி மெட்டலில் அந்த இரண்டை மட்டும் வைத்து வாசிக்கிறார்கள். காந்தாரம் உள்ளே வந்ததும் முளைப்பவை கொஞ்சம் பிசகிய சுருதியில் வந்து சேற்றைக் கிளப்பும். ஸ்ட்ரோக்ஸ் பாட்டுகளின் இனிப்பும் ஏக்கமும் பெரும்பகுதி அந்தக் காந்தாரத்தில்தான் இருக்கிறது. எனவே கெயினைக் குறைத்து, ஆம்ப்பின் சத்தத்தைக் கூட்டி, வலது கையால் அழுத்தி வாசிக்க வேண்டும். சோதனை எளிது: முழு கார்டையும் ஒருமுறை மெல்ல உதிர்த்துப் பாருங்கள். ஒவ்வொரு கம்பியும் தனித்துக் கேட்டால் அளவு சரி. கூழாகக் கேட்டால் குமிழை இன்னும் கீழே இறக்குங்கள்.

வலது கைக்கு வேறு ஒரு பாடமும் உண்டு. மேலும் கீழுமாக அடித்தால் எளிது, ஆனால் மேல்நோக்கிய அடி எப்போதும் கொஞ்சம் மெலிந்து கேட்கும். கீழடியாகவே அடித்தால்தான் அந்த இயந்திரச் சீர். நிமிடத்துக்கு 160 தாளமாக ஓடும் பாட்டில், தாளத்துக்கு இரண்டு என்று 320 கீழடி. முன்கையை இறுக்கிக்கொண்டு வாசித்தால் இரண்டாவது நிமிடத்தில் தசை எரியும், வேகம் பின்தங்கும். மணிக்கட்டைத் தளர்த்தி, கம்பியைத் தட்டும் பிக்கின் நுனி கம்பிக்குள் மிகக் கொஞ்சமாகவே இறங்கும்படி பிடிக்க வேண்டும். 120-ல் தொடங்கி நாளுக்கு நாலைந்தாக ஏற்றினால் சில வாரத்தில் கை பழகிவிடும்.

இதெல்லாம் கைக்கு வந்த பிறகு மிக்ஸில் மிச்சமாகும் வேலை குறைவு. இந்த ஆல்பத்தில் ஸ்டுடியோ ஜாலம் என்று சொல்லத்தக்கது டிஸ்டார்ஷனும் அங்கங்கே தலைகீழ் எதிரொலியும்தான். பதிவான துண்டைத் திருப்பிப் போட்டு, அதற்கு எதிரொலி சேர்த்துப் பதிந்து, மறுபடி நேராக்கினால், எதிரொலி ஸ்வரத்துக்கு முன்னால் வந்து அதை இழுத்துக்கொண்டுவரும். மற்றபடி, குழு சேர்ந்து நின்று வாசித்தது, ஓரிரு டேக், நல்லதை எடுத்துக்கொண்டார்கள். மாஸ்டரிங் என்ற இறுதி மெருகைக் கிரெக் கால்பி செய்தார்.

அந்தக் காலத்தில் இந்த ஒலிக்கு என்ன பொருள் என்பதை இப்போது உணர, அக்கம்பக்கத்தில் என்ன ஓடிக்கொண்டிருந்தது என்று பார்க்க வேண்டும். 2000 அக்டோபரில் வந்த லிம்ப் பிஸ்கிட் ஆல்பம் அமெரிக்காவில் முதல் வாரத்திலேயே 10 லட்சம் பிரதிகளைத் தாண்டியது. ராக் என்றால் ஏழு கம்பிக் கிடார், அடுக்கடுக்காகப் பூசிய டிஸ்டார்ஷன், சுவர்போல நிற்கும் ஒலி. அதற்குப் பக்கத்தில் காசாபிளாங்கஸின் குழு எலும்பும் தோலுமாக வந்து நின்றது. கையில் இரண்டு கிடார், இரண்டும் தெளிவாகக் கேட்கின்றன. கேட்ட பதின்பருவத்துப் பிள்ளைக்கு ‘இதை நாமும் செய்யலாம்’ என்று தோன்றியது. அந்த எண்ணத்தை விதைத்ததுதான் ஆல்பத்தின் பெரிய காரியம், விற்பனை எண்ணிக்கை அதற்கு அடுத்ததுதான்.

ஆல்பம் 2001 ஜூலை 30 அன்று ஆஸ்திரேலியாவில், ஆகஸ்ட் 27 அன்று பிரிட்டனில் வந்தது. பிரிட்டிஷ் பட்டியலில் இரண்டாம் இடம். அமெரிக்காவில் செப்டம்பர் 25 என்று குறித்திருந்தார்கள். செப்டம்பர் 11 குறுக்கே வந்தது. நியூயார்க் காவலர்களைக் கிண்டலடிக்கும் பாட்டு ஒன்று ஆல்பத்தில் இருந்தது. அந்தக் காவலர்கள் இடிபாடுகளுக்குள் இறங்கியதைக் கண்ட ஊரில் அதை விற்க மனம் வரவில்லை. சி.டி.யில் அந்தப் பாட்டை எடுத்துவிட்டு ‘வென் இட் ஸ்டார்ட்டட்’ என்ற வேறொன்றைச் சேர்த்து அக்டோபர் 9 அன்று வெளியிட்டார்கள். வினைல் தட்டில் மட்டும் பழைய பாட்டு தங்கியது. அட்டையும் அங்கே வேறு. மற்ற நாடுகளில் காலின் லேன் எடுத்த படம்: பெண்ணொருத்தியின் இடுப்புமேல் தோல் கையுறை. அமெரிக்காவில், அணுத்துகள்கள் ஓடும் பாதையைக் காட்டும் குமிழி அறை ஒன்றில் பதிவான துகள் தடங்களின் படம், நீலமும் மஞ்சளுமாக. காசாபிளாங்கஸுக்கு இரண்டாவதுதான் பிடித்திருந்தது. அமெரிக்கப் பட்டியலில் ஆல்பம் 33-ம் இடம்வரை ஏறியது. முதலிடத்தை எங்கும் பெரிதாக ஆளாத ஆல்பத்தை ‘என்.எம்.இ.’ பத்திரிகை 2009-ல் அந்தப் பத்தாண்டின் முதல் ஆல்பமாகவும், ‘ரோலிங் ஸ்டோன்’ இரண்டாவதாகவும் வைத்தன.

அடுத்து வந்தவர்களின் பெயர்கள் தெரிந்தவைதான். லண்டனில் லிபர்டைன்ஸ், டென்னசியில் கிங்ஸ் ஆஃப் லியோன், கிளாஸ்கோவில் ஃபிரான்ஸ் ஃபெர்டினாண்ட். ஷெஃபீல்டு நகரில் ஸ்ட்ரோக்ஸ் பாட்டுகளை வாசித்துப் பழகிய பையன்கள் ஆர்க்டிக் மங்கீஸ் ஆனார்கள். 2006 ஜனவரியில் வந்த அவர்களின் முதல் ஆல்பம் பிரிட்டனில் ஒரே வாரத்தில் 3,63,735 பிரதிகள் விற்றது. 2018-ல் வந்த ஆல்பத்தின் முதல் வரியிலேயே, தான் ஸ்ட்ரோக்ஸில் ஒருவனாக இருக்கத்தான் ஆசைப்பட்டதாக அவர்களின் பாடகர் அலெக்ஸ் டர்னர் பாடினார். இவர்கள் யாருமே ஸ்ட்ரோக்ஸ் ஒலியை அப்படியே எடுத்துக்கொள்ளவில்லை என்பதைக் கவனிக்க வேண்டும். எடுத்துக்கொண்டது கணக்கை: இரண்டு கிடாருக்கு இரண்டு வேலை, மிச்சத்துக்கு இடம். தோல் ஜாக்கெட்டையும் குரலின் கரகரப்பையும் எடுத்துக்கொண்ட எத்தனையோ குழுக்களைப் பெரிய நிறுவனங்கள் அவசர அவசரமாக ஒப்பந்தம் செய்தன. அவர்களின் பெயர்கள் இன்று யார் நினைவிலும் இல்லை.

ஸ்ட்ரோக்ஸே தங்கள் முறையை ஒருமுறை சந்தேகித்தார்கள். இரண்டாவது ஆல்பத்துக்கு ரேடியோஹெட்டின் தயாரிப்பாளர் நைஜல் காட்ரிச்சோடு பதிவைத் தொடங்கினார்கள். சில பாட்டுகளுக்குப் பிறகு அதையும் நிறுத்திவிட்டார்கள். 2003 அக்டோபரில் வெளிவந்த ‘ரூம் ஆன் ஃபயர்’ அட்டையின் பின்புறம் தயாரிப்பாளர் என்ற இடத்தில் இருந்த பெயர் மறுபடியும் கார்டன் ரஃபேல். அதிலும் 11 பாட்டுதான்.